எண்பதுகளின் நியூ வேவ் பாட்டுகள்: பழைய நினைப்பா, உண்மையிலேயே சரக்கா?

வாசகர் கேட்டது, ஜனவரி 11

அண்ணே, இந்த எண்பதுகள் நியூ வேவ், சிந்த் பாப் என்கிற சிந்தசைசர் கீபோர்டுப் பாட்டெல்லாம் ரொம்ப ஊதிப் பெருக்கிய சமாச்சாரம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்போது பதினெட்டு வயதில் இருந்தவர்கள் இப்போது தொடர் எடுக்கிறார்கள், விளம்பரம் எடுக்கிறார்கள், ரேடியோ நடத்துகிறார்கள். தங்கள் வாலிப வயசுப் பாட்டையே நம் தலையில் கட்டுகிறார்கள். பாடகி கேட் புஷ்ஷின் பழைய பாட்டு 2022ல் ஒரு தொடரில் வந்து மறுபடி ஓடியதே, அது பாட்டுக்காகவா, தொடருக்காகவா? சரக்கு இருந்தால் தொடர் எதற்கு?

ஜனவரி 11, இரவு

தொடரால்தான், தம்பி. நெட்ஃபிளிக்ஸ் தொடர் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' நாலாவது சீசன் வந்திராவிட்டால் 'ரன்னிங் அப் தட் ஹில்' 2022 ஜூனில் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போயிருக்காது. 1985ல் வெளிவந்தபோது மூன்றாம் இடம் வரை போன பாட்டு அது. 37 வருஷம் கழித்து முதலிடம். ஆனால் அந்தத் தொடரில் எத்தனை எண்பதுகள் பாட்டு வந்திருக்கிறது! எல்லாமா இப்படிக் கிளம்பியது? தொடர் ஒரு தடவை காதில் போடும், அவ்வளவுதான். இரண்டாவது தடவை, இருபதாவது தடவை போட்டுக் கேட்டதில் 2000க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும் நிறையப் பேர். அவர்களுக்கு 1985 பற்றி என்ன பழைய நினைப்பு இருக்க முடியும்?

எனக்கே கிடையாது. இந்தப் பாட்டெல்லாம் வந்தபோது நான் திருச்சியில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தவன். தொண்ணூறுகளில்தான் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் காலி கேசட் கொடுத்து இங்கிலீஷ் பாட்டு பதிந்து வாங்கினேன். என்ன பாட்டு வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, என்ன பதிகிறோம் என்று கடைக்காரருக்கும் தெரியாது. அட்டையில் 'இங்கிலீஷ் ஹிட்ஸ் 3' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். குழுவின் பெயர் இல்லை, படம் இல்லை, பாட்டு வீடியோ காட்டும் எம்டிவி டிவியும் இல்லை. 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' பாடுவது ஆண்பிள்ளை என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 12, காலை

"எண்பதுக்குப் பதில் தொண்ணூறு. உங்களுடையதும் பழைய நினைப்புதானே" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். இருக்கட்டும். அதே கேசட்டில் வேறு பாட்டுகளும் இருந்தன. பாதிக்கு மேல் இன்று கேட்டால் ஒன்றும் செய்வதில்லை, அடுத்ததுக்குப் போய்விடுவேன். நினைப்புதான் காரணம் என்றால் இரண்டு பக்கமும் இனிக்க வேண்டுமே.

ஜனவரி 12, மதியம்

பேச்சை விட்டுவிட்டு வேலையாகப் பார்ப்போம். நான் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். கல்யாணம், கோயில் திருவிழா, கல்லூரி விழா. ஒரு பாட்டு நிற்குமா விழுமா என்று எனக்குத் தெரிவது பிரித்து வாசிக்கும்போதுதான்.

'ஸ்வீட் ட்ரீம்ஸ்' எடுங்கள். 1983. யூரித்மிக்ஸ் குழு, பாடகி அனி லெனாக்ஸ், டேவ் ஸ்டூவர்ட் இரண்டே பேர். லண்டனில் படத்துக்கு சட்டம் போடும் கடை ஒன்றின் மாடியில், வங்கியில் கடன் வாங்கி வாங்கிய 8 டிராக் இயந்திரத்தில் பதிந்தது. எட்டே டிராக், அதாவது ஓசைகளைத் தனித்தனியாகப் பதிய எட்டே தடம். இன்று எங்கள் குழுவின் லேப்டாப்பில் ஒரு சாதாரண குத்துப் பாட்டுக்கே ஐம்பது அறுபது டிராக் ஓடும். பாதி எதற்கு இருக்கிறது என்று போட்டவருக்கே தெரியாது.

வலது கையில் அந்த முக்கியமான சிந்த் வரியை வாசியுங்கள். பள்ளிக்கூடப் பையன் வாசித்துவிடுவான். தனியாகக் கேட்டால் அதில் ஒன்றுமே இல்லை. இப்போது இடது கையில் இன்னொரு வரியை, கொஞ்சம் தள்ளி விழுகிற மாதிரி சேருங்கள். ஒன்று விட்ட இடைவெளியில் மற்றது வந்து விழும். அந்த நொடியில் கை மயிர் சிலிர்க்கும். இரண்டு வரியையும் முழுசாகக் கேட்க முடிகிறது, ஏனென்றால் அவற்றை மறைக்க வேறு எதுவும் அங்கே இல்லை.

நடுவில் ஒரு இடத்தில் கண்ணாடி தட்டுகிற ஓசை வரும். பால் பாட்டிலில் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றித் தட்டியது அது. நம் ஊர் ஜலதரங்கமேதான், கிண்ணத்துக்குப் பதில் பாட்டில். கையில் கிடைத்ததை வைத்துச் செய்த வேலை. அதைக் கழற்றிவிட்டு விலை உயர்ந்த சாம்பிள் ஒன்றை, அதாவது யாரோ பதிந்து விற்கும் ஓசையை, போட்டுப் பாருங்கள், பாட்டு செத்துவிடும். நான் போட்டுப் பார்த்தேன்.

என் கட்சி இதுதான்: இந்தப் பாட்டுகள் நிற்பதற்கு முதல் காரணம் ஆள் குறைவு, சாமான் குறைவு. அதனால் வந்த ஒவ்வொரு வரியும் தனியாக முணுமுணுக்கக்கூடியதாக இருக்க வேண்டிய கட்டாயம்.

ஜனவரி 13

தலைமுடியைப் பற்றி ஏன் எழுதவில்லை என்கிறார்கள். எழுதிவிடுகிறேன். 'எ ஃப்ளாக் ஆஃப் சீகல்ஸ்' குழுவின் பாடகர் மைக் ஸ்கோர், இரண்டு பக்கமும் இறக்கை விரித்த மாதிரி முடி வைத்திருப்பாரே, அவர் பாட வருவதற்கு முன் தொழிலே முடி திருத்துவதுதான். எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். 1983ல் அந்தக் குழு கிராமி விருது வாங்கியது, அதுவும் பாட்டே இல்லாத வாத்திய இசைக்கு. முடியும் வாங்கவில்லை, தொண்டையும் வாங்கவில்லை, வாசிப்பு வாங்கியது.

ஜனவரி 15

"அந்தக் காலத்துப் பாட்டு எல்லாமே பொன்" என்று ஒருவர் எனக்கு ஆதரவாகக் கிளம்பியிருக்கிறார். ஐயா, அந்த ஆதரவு வேண்டாம். அந்தக் காலத்திலும் குப்பை மலை மலையாக வந்தது.

1981ல் அல்ட்ராவாக்ஸ் குழுவின் 'வியன்னா' பிரிட்டனில் நாலு வாரம் இரண்டாம் இடத்தில் உட்கார்ந்திருந்தது. முதல் இடத்துக்குப் போகவே இல்லை. முதல் வாரம் தடுத்தது ஜான் லெனன், அவர் கொல்லப்பட்டு சில வாரங்களே ஆகியிருந்த நேரம். அது நியாயம். அடுத்த மூன்று வாரம் தடுத்தது ஜோ டோல்சே என்பவரின் 'ஷடாப் யூ ஃபேஸ்', இத்தாலிய உச்சரிப்பைக் கிண்டல் செய்கிற ஒரு காமெடிப் பாட்டு. அதற்குக் கொஞ்சம் முன்னால், 1980 கிறிஸ்துமஸ் முதலிடம் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாட்டியைப் புகழ்ந்து பாடிய பாட்டு.

ஆக ஊர் ரசனை அப்போதும் இப்படித்தான் இருந்தது. நாற்பது வருஷம் சலித்து மேலே நின்றதை மட்டும் நாம் கேட்கிறோம். அதனால் "எண்பதுகள் சிறந்ததா" என்பது கேள்வியே இல்லை. சலித்ததில் இது ஏன் நின்றது என்பதுதான் கேள்வி. 'வியன்னா'வுக்கு 2013 தொடக்கத்தில் பிபிசி ரேடியோ 2 நேயர்கள் ஓட்டுப் போட்டு 'முதலிடம் போயிருக்க வேண்டிய இரண்டாமிடப் பாட்டு' என்று மரியாதை செய்தார்கள். ஜோ டோல்சேவுக்கு யாரும் ஓட்டுப் போட்டதாகத் தெரியவில்லை.

ஜனவரி 18

12ஆம் தேதி எழுதியதை நானே கொஞ்சம் குடைய வேண்டியிருக்கிறது. வரி நன்றாக இருந்தால் போதும் என்ற தொனி அதில் வந்துவிட்டது. 'டேக் ஆன் மீ' அதற்கு இடைஞ்சல்.

அந்தப் பாட்டின் கதை தெரியாதவர்களுக்கு: அ-ஹா குழு நார்வேக்காரர்கள், மூன்று பேர். அந்த சிந்த் வரி, இன்று உலகமே முணுமுணுக்கும் வரி, பாடகர் மோர்டன் ஹார்கெட் சேர்வதற்கு முன்பே மற்ற இருவரும் பையன்களாக நடத்திய குழுவில் பிறந்தது. 1984ல் டோனி மான்ஸ்ஃபீல்ட் தயாரிப்பில் முதல் தடவை வெளியிட்டார்கள். விழுந்தது. ஆலன் டார்னியை வைத்து மறுபடி பதிந்தார்கள். அதுவும் பிரிட்டனில் முதலில் எடுபடவில்லை. அப்புறம்தான் ஸ்டீவ் பேரன் அந்தப் பென்சில் ஓவிய வீடியோவை எடுத்தார். 1985 அக்டோபரில் அமெரிக்காவில் முதலிடம்.

1984 பதிவு யூடியூபில் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள். அதே வரி. அதே சொற்கள். அதே தொண்டை. ஆனால் என்னவோ ஈரமில்லாமல் கிடக்கிறது. டிரம் தட்டையாக இருக்கிறது, சிந்த் ஓசை மெலிந்து எங்கோ பின்னால் கேட்கிறது. டார்னி பெரிதாக எதையும் மாற்றவில்லை. டிரம் இயந்திரத்தை முன்னால் கொண்டுவந்தார், அந்த வரிக்கு ரோலண்ட் ஜூனோ 60 என்ற சிந்தசைசரைக் கொடுத்து மேலே தூக்கி வைத்தார், குரல் ஏறும் இடத்தில் அடியில் இருப்பதைக் கெட்டியாக்கினார். எலும்பு அதே எலும்பு, நடக்க வைத்தவர் வேறு ஆள்.

அப்போது "பாட்டில் சரக்கு இருந்தால் தானே ஓடும்" என்ற வாதம் பாதி அடிபடுகிறது. இந்தப் பாட்டில் சரக்கு 1984லேயே இருந்தது. ஓடவில்லை.

வீடியோ இல்லாமல் ஓடியிருக்குமா என்றும் கேட்பீர்கள். ஓடியிருக்காது. ஆளை நடிக்க வைத்துப் படம் பிடித்து, ஏறக்குறைய 3,000 ஃபிரேமைக் கையால் வரைந்தார்கள். மைக்கேல் பேட்டர்சன், கேண்டஸ் ரெக்கிங்கர் என்ற இருவர், 16 வாரம். அந்த வீடியோவுக்காக ஒரு தடவை பார்க்கலாம். ஆனால் 2020ல் அது யூடியூபில் நூறு கோடிப் பார்வையைத் தாண்டியது. அத்தனை தடவையும் பென்சில் கோட்டைப் பார்க்கவா வந்தார்கள்?

ஜனவரி 19

அதே பாட்டு. ஒரு பொறியியல் கல்லூரி விழாவில் மாணவர்கள் சீட்டு எழுதி அனுப்பினார்கள்: 'டேக் ஆன் மீ' வேண்டும். எங்கள் பாடகர் நல்ல தொண்டைக்காரர், பழைய டிஎம்எஸ் பாட்டை அசராமல் பாடுவார். ஒத்திகை இல்லாமல் இறங்கினோம். ஏ மேஜர்.

பல்லவி அடித்தளத்தில் தொடங்கும். அந்த 'டேக்' கீழ் ஏ. அங்கிருந்து படி படியாக ஏறி, கடைசியில் பொய்க்குரலில் மேல் ஈயில் போய் நிற்கும். மொத்தம் இரண்டரை ஸ்தாயிக்கு மேல். நம் ஆள் மேலே எட்டாது என்று கண்ணைக் காட்டினார், நான் ஸ்கேலை இரண்டு கட்டை இறக்கினேன். இப்போது கீழே தொடங்குகிற இடத்தில் மைக்கில் வெறும் காற்று. மறுபடி ஏற்றினால் மேலே கீச்சு. எப்படி வைத்தாலும் ஒரு பக்கம் இடிக்கும். ஆணோ பெண்ணோ, ஒரு சாதாரணக் குரலில் அடங்கவே அடங்காத மெட்டு அது.

ஆனால் நடந்தது என்ன தெரியுமா? உச்சியில் பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிட்டார். மொத்த மைதானமும் கத்தியது. ஒருவருக்கும் ஸ்ருதி சேரவில்லை. ஒருவருக்கும் வெட்கமும் இல்லை. எட்டாது என்று தெரிந்தே எல்லோரும் கையை நீட்டுகிற இடம் அது, அதில்தான் சந்தோஷமே. நேர்த்தியாகப் பாடி முடித்திருந்தால் கைதட்டிவிட்டு அடுத்த சீட்டு எழுதியிருப்பார்கள்.

ஜனவரி 22

குரல் பேச்சு வந்ததால் இதையும் எழுதிவிடுகிறேன். ஹார்கெட் விதிவிலக்கு. மற்றவர்களில் நிறையப் பேருக்குப் பாடவே தெரியாது, நான் குறையாகச் சொல்லவில்லை.

ஷெஃபீல்ட், எஃகு ஆலைகளின் ஊர். 1980ல் ஹ்யூமன் லீக் குழு இரண்டாக உடைந்தது. வாசிக்கத் தெரிந்த இருவர், மார்ட்டின் வேர், இயன் கிரெய்க் மார்ஷ், பிரிந்து போய்விட்டார்கள். பாடகர் பிலிப் ஓக்கி கையில் பெயர் இருக்கிறது, ஒப்புக்கொண்ட சுற்றுப்பயணம் இருக்கிறது, குழு இல்லை. அந்த ஊர் 'கிரேஸி டெய்ஸி' கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பள்ளி மாணவிகளைக் கூப்பிட்டார். சூசன் ஆன் சல்லி, ஜோன் கேதரால். பாடிய அனுபவம் கிடையாது.

அடுத்த வருஷம் 'டோன்ட் யூ வான்ட் மீ'. முதல் சரணம் ஓக்கி: உன்னை நான்தான் ஆளாக்கினேன் என்று ஒரு ஆம்பளைத் திமிர். இரண்டாவது சரணத்தில் சல்லி வருகிறார். எந்த அலங்காரமும் இல்லாமல், பஸ் நிறுத்தத்தில் நின்று பேசுகிற தொனியில், அதெல்லாம் சரி, நீ இல்லாவிட்டாலும் நான் ஆளாகியிருப்பேன் என்கிறார். தேர்ந்த பாடகி ஒருவர் அதே வரியை உருகிப் பாடியிருந்தால் பாட்டே பொய்யாகியிருக்கும். அந்தத் தட்டையான குரல்தான் அந்தப் பெண்ணை நம்ப வைக்கிறது.

வேடிக்கை என்னவென்றால் ஓக்கிக்கு இந்தப் பாட்டு பிடிக்கவில்லை. ஆல்பத்தின் கடைசியில் தள்ளி வைத்திருந்தார். நாலாவது சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டுத் தட்டாக, வெளியிட வேண்டாம் என்று சண்டை போட்டார். நிறுவனம் கேட்கவில்லை. 1981 கிறிஸ்துமஸுக்கு முதலிடம், அடுத்த வருஷம் அமெரிக்காவிலும் முதலிடம்.

சங்கதி போட்டால்தான் பாட்டு என்று வளர்ந்த காது என்னுடையது. இந்தக் கேசட்டுகள்தான் அதைக் கொஞ்சம் அவிழ்த்துவிட்டன.

ஜனவரி 23

மட்டக்களப்பு நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: டுரான் டுரான் என்ற பிரிட்டிஷ் குழு பற்றி ஒரு வார்த்தை இல்லையே, எங்கள் நாட்டில் வந்து வீடியோ எடுத்தார்களே என்று. ஆமாம். 'ஹங்ரி லைக் த வுல்ஃப்', 'சேவ் எ ப்ரேயர்' இரண்டு வீடியோவும் 1982ல் இலங்கையில் எடுத்தவை, ரஸல் மல்கஹி இயக்கம். ஒன்றில் சந்தை, காடு. மற்றதில் சிகிரியா உச்சியில் குழு நிற்க ஹெலிகாப்டர் சுற்றி வரும். பொலன்னறுவைச் சிலைகளும் வரும். எம்டிவி தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். இருபத்து நாலு மணி நேரமும் ஓட்ட அவர்களிடம் வீடியோ போதவில்லை, பிரிட்டிஷ் குழுக்களிடம் இருந்தது. 'ஹங்ரி லைக் த வுல்ஃப்' அமெரிக்காவில் 1983ல் மூன்றாம் இடம் போனதற்கு அந்தக் காடும் ஒரு காரணம்.

அதே 1983 ஜூலையில் கொழும்பு எப்படி இருந்தது என்று அந்த நண்பருக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வீடியோவில் தான் குழுவைப் பார்ப்பதே இல்லை, பின்னால் நடந்து போகிற சனங்களைத்தான் பார்ப்பேன் என்று எழுதியிருக்கிறார். தம்பி, உன் 'பழைய நினைப்பு' கணக்கில் இதை எங்கே சேர்ப்பாய்?

ஜனவரி 26

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். இந்தப் பாட்டுகளில் தாளம் ஒன்று சொல்லும், சொற்கள் வேறு சொல்லும்.

ஓஎம்டி குழுவின் 'எனோலா கே', 1980. மெட்டைக் கேட்டால் குழந்தை குதிக்கும். எனோலா கே என்பது ஹிரோஷிமாவில் குண்டு போட்ட விமானத்தின் பெயர். விமானி பால் டிபெட்ஸ் தன் தாயின் பெயரையே அதற்கு வைத்திருந்தார். பாட்டில் வரும் 8:15 மணி குண்டு விழுந்த நேரம். இதற்கு நாற்பது வருஷமாக ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

நேனாவின் '99 லுஃப்ட்பலோன்ஸ்', 1983. மேற்கு பெர்லினில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரியில் பறக்கவிட்ட பலூன்களைப் பார்த்து கிட்டார் வாசிப்பவர் கார்லோ கார்கெஸுக்குத் தோன்றியது: இது எல்லையைத் தாண்டிப் போய், ரேடாரில் வேறு ஏதோவாகத் தெரிந்தால்? பாட்டு முடியும்போது உலகமே சாம்பல். அமெரிக்காவில் ஜெர்மன் மொழியிலேயே இரண்டாம் இடம் வரை போனது. பலூன் பாட்டு என்று கேட்டவர்கள்தான் பாதிப் பேர் இருப்பார்கள்.

இவர்கள் யாரும் கவிதை எழுதுகிறேன் பேர்வழி என்று உட்கார்ந்தவர்கள் இல்லை. பிரிட்டனில் 1982 தொடக்கத்தில் வேலையில்லாதவர்கள் 30 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். பனிப்போர் தலைக்கு மேல் தொங்கியது. இந்தப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி ஆடவும் வேண்டும், வயிற்றில் இருக்கும் பயத்தைச் சொல்லவும் வேண்டும். இரண்டையும் ஒரே மூன்றரை நிமிஷத்தில் போட்டார்கள்.

சந்தோஷப் பாட்டை சந்தோஷமாக இருக்கும்போது கேட்கலாம். சோகப் பாட்டை அழ வேண்டும்போது கேட்கலாம். இரண்டும் கலந்திருந்தால் எப்போது போட்டாலும் அன்றைக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. பதினெட்டு வயதில் டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ் குழுவின் 'எவ்ரிபடி வான்ட்ஸ் டு ரூல் த வேர்ல்ட்' எனக்கு வண்டி ஓட்டும் பாட்டு. நாற்பதுக்கு மேல் அதன் முதல் வரியே வயிற்றைப் பிசைகிறது. பாட்டு மாறவில்லை.

ஜனவரி 27

"'ஜஸ்ட் கான்ட் கெட் எனஃப்' பாட்டில் என்ன சோகம் இருக்கிறது?"

ஒன்றும் இல்லை. டெபெஷ் மோட் குழுவே பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை, எழுதிய வின்ஸ் கிளார்க் கிளம்பிப் போனதும் இருட்டுக்குள் போய்விட்டார்கள். ஆனாலும் கால்பந்து மைதானங்களில், செல்டிக் ரசிகர்களும் லிவர்பூல் ரசிகர்களும், அதன் சிந்த் வரியை வாயாலேயே பாடியிருக்கிறார்கள். சொற்களோடு நிற்காமல் வாத்தியத்தையும் பாடியிருக்கிறார்கள். 12ஆம் தேதி எழுதியதற்கு அதுவே சாட்சி. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 30

"இயந்திரத்துக்கு ஆன்மா கிடையாது" என்ற பழைய பல்லவி வந்துவிட்டது. 1986ல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டர் வைத்து இசையமைத்தபோதும் இதையேதான் சொன்னார்கள். இன்று அந்தத் தீம் இசையை எங்கள் குழு வாசிக்காத கல்யாணம் இல்லை.

நியூ ஆர்டர் குழுவின் 'ப்ளூ மண்டே', 1983, ஏழரை நிமிஷம். அதைவிட இயந்திரத்தனமான பாட்டு வேண்டுமா? ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் டிரம் இயந்திரம், பெர்னார்ட் சம்னர் தானே உதிரிப் பாகம் கோத்துச் செய்த சீக்வென்சர், அதாவது ஏற்றி வைத்த சுரங்களை வரிசையாகத் தானே வாசிக்கும் பெட்டி. ஜில்லியன் கில்பர்ட் ஒவ்வொரு சுரமாக அதில் ஏற்றினார். எழுதி வைத்த நீளத் தாளிலிருந்து ஏற்றும்போது ஒரு சுரம் விட்டுப்போனது. அதனால் சிந்த் வரி டிரம்மோடு நேராக உட்காராமல் கொஞ்சம் நழுவியே ஓடும். அப்படியே விட்டுவிட்டார்கள். திருத்திய பதிப்பு ஒன்றைக் கணினியில் செய்து கேட்டேன். சரியாக இருக்கிறது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அதன் மேல் பீட்டர் ஹுக்கின் பேஸ் கிட்டார் வரும், கையால் வாசித்தது, மனுஷ விரல். அதன் மேல் சம்னரின் குரல். அவர் பாடகராக வந்தவர் இல்லை. இவர்களுடைய பழைய குழு ஜாய் டிவிஷன். 1980 மே மாதம் அதன் பாடகர் இயன் கர்டிஸ் தற்கொலை செய்துகொண்டார், அந்தக் குழு முடிந்தது, மிச்சமிருந்தவர்களில் யாராவது பாடித்தானே ஆக வேண்டும். அந்தத் தயக்கம் குரலில் கேட்கும். இயந்திரம் எதற்காகவும் நிற்பதில்லை, அவர் அதன் மேல் தன் கேள்வியைக் கேட்டுக்கொண்டே போகிறார். ஆன்மா எங்கே என்று தேடுகிறவர்கள் அந்த இரண்டுக்கும் நடுவில் கேட்டுப் பார்க்கலாம்.

அட்டை பற்றி: பீட்டர் சவில் வடிவமைப்பு, ஃப்ளாப்பி டிஸ்க் உருவம், ஓட்டை வெட்டி. அட்டையில் குழுவின் பெயரும் கிடையாது, பாட்டின் பெயரும் கிடையாது, ஓரத்தில் வண்ணக் கட்டங்கள் மட்டும். அதிகம் விற்ற 12 இன்ச் சிங்கிள் அதுதான். அட்டைச் செலவில் ஒவ்வொரு பிரதிக்கும் நஷ்டம் என்று ஒரு கதை உண்டு. ரெக்கார்டு கம்பெனி நடத்துகிறவர்கள் படுக்கும் முன் சொல்லிக்கொள்ள வேண்டிய கதை.

பிப்ரவரி 3

தம்பி விடவில்லை: "சரி, நன்றாக இருக்கிறது. அதே போல நன்றாக இருந்த 1940களின் பாட்டை ஏன் இன்றைய பிள்ளைகள் கேட்பதில்லை?" இதுவரை வந்ததில் நல்ல கேள்வி இது.

1985ல் ஒரு பையனுக்கு நாற்பது வருஷம் பழைய பாட்டு என்றால் 1945. கிளென் மில்லர் காலம், நம் பக்கம் பாகவதர் காலம். கேட்ட உடனே ஓசையிலேயே வயது தெரிந்துவிடும்: கரகரப்பு, ஒற்றை மைக், தூரத்தில் கேட்கும் வாத்தியம். இன்றைய பையனுக்கு நாற்பது வருஷம் பழசு என்றால் 1985. அந்த ஓசை அவனுக்குப் பழசாகவே கேட்பதில்லை. 1980ல் ரோஜர் லின்னின் டிரம் இயந்திரம் வந்தது, அதில் நிஜ டிரம்மின் ஓசையே சில்லில் பதிந்திருந்தது. 1983ல் மின்வாத்தியங்களை ஒன்றோடொன்று இணைக்கும் மிடி வந்தது, யமஹா டிஎக்ஸ் 7 சிந்தசைசர் வந்தது. அன்று தொடங்கிய அதே வேலைமுறையில்தான் இன்றும் பாட்டு தயாராகிறது, பெட்டி போய் லேப்டாப் வந்ததுதான் வித்தியாசம். என் லேப்டாப்பில் ஜூனோ 60 இருக்கிறது, லின் டிரம் இருக்கிறது, எல்லாம் மென்பொருளாக.

த வீக்கெண்ட் பாடிய 'பிளைண்டிங் லைட்ஸ்' 2019ல் வந்தது. அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை தன் ஹாட் 100 பாட்டு வரிசையின் வரலாற்றிலேயே முதல் வெற்றிப் பாட்டு என்று 2021ல் அதைத்தான் சொன்னது. அதன் சிந்த் வரியை 1985ல் போட்டிருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவு இயல்பாக அங்கே பொருந்தும். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு 'டேக் ஆன் மீ' தாத்தா பாட்டு இல்லை, பக்கத்து வீட்டுப் பாட்டு.

இது என் 'சாமான் குறைவு' வாதத்தைவிட வலுவான காரணமோ என்றுகூட இப்போது தோன்றுகிறது. ஆனால் ஓசை ஒத்துப்போவது மட்டும் போதும் என்றால் அந்தப் பத்து வருஷத்தில் ஜூனோ வாசித்த எல்லோருமே இன்று ஓட வேண்டும்.

பிப்ரவரி 4

சுருக்கமாக ஒன்று. 'டெய்ன்டட் லவ்' பாட்டைச் சொல்லாமல் விட்டதற்குத் திட்டு வாங்கினேன். அது எண்பதுகள் பாட்டே இல்லை. எட் காப் எழுதி அறுபதுகளில் குளோரியா ஜோன்ஸ் பாடிய சோல் பாட்டு. சாஃப்ட் செல் குழு 1981ல் அதை இரண்டு பேர், ஒரு டிரம் இயந்திரம் என்று சுருக்கிப் பிழிந்தார்கள். அந்த 'டிங் டிங்' போதும், யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ரிஹானா 2006ல் 'எஸ்ஓஎஸ்' பாட்டுக்கு அதையே எடுத்துக்கொண்டார்.

சாஃப்ட் செல்லுக்கு இதில் ஒரு வயிற்றெரிச்சல். 7 இன்ச் தட்டின் பின்பக்கமாவது சொந்தப் பாட்டைப் போட்டிருந்தால் எழுதியவருக்கான பங்கு வந்திருக்கும். அங்கேயும் அடுத்தவர் பாட்டு. உலகமெங்கும் விற்ற தட்டில் எழுதிய காசு ஒன்றும் இல்லை. புதிதாகக் குழு நடத்துகிறவர்கள் குறித்துக்கொள்ளவும்.

பிப்ரவரி 9

தம்பி இறங்கி வந்துவிட்டான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் "எந்தப் பதிப்பைக் கேட்பது" என்று கேட்டிருக்கிறான். கேள்.

'டேக் ஆன் மீ' 1985 டார்னி பதிவு. அது பிடித்தபின் 2017 அன்பிளக்ட் பதிவு, வேகத்தை எடுத்துவிட்டு மெல்லப் பாடியது. மெட்டுக்குள் எவ்வளவு துக்கம் இருந்தது என்று அப்போது தெரியும். 'மேட் வேர்ல்ட்' முதலில் டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸின் 1982 பதிவு, அப்புறம் கேரி ஜூல்ஸ். ஊரே இரண்டாவதைத் தூக்கி வைத்து ஆடுகிறது. எனக்கு முதலாவதுதான். சோகமான சொற்களைச் சோகமாகப் பாடுவதில் என்ன பெரிய கெட்டிக்காரத்தனம்?

'ப்ளூ மண்டே' 12 இன்ச் பதிவு மட்டும். மொபைல் ஸ்பீக்கரில் போடாதே, அதில் பேஸ் டிரம் வராது, வெறும் டிக் டிக்தான் கேட்கும். 1988 ரீமிக்ஸ் வேண்டவே வேண்டாம். அது பிடித்தவர்கள் சண்டைக்கு வரலாம், நாளைக்கு எனக்குக் கச்சேரி இல்லை.